சிவப்பியை ஆர் கறக்கிறது?

பெரியம்மாவின் பசு என் அம்மாவை உதைத்த அன்று, அந்தக் காணியில் பசுவின் பக்கம் நின்றவள் நான் ஒருத்திதான். பெரியப்பா வெங்காயப் பாத்தியிலிருந்து பதறிக்கொண்டு ஓடிவந்தார். பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நான் மட்டும் கொட்டிலின் குறுக்குத் தடியைப் பிடித்தபடி நின்று, மனதுக்குள் சிவப்பிக்குக் கைதட்டினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாமேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சண்டையில் நியாயம் சிவப்பியிடம்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன்.

நாங்கள் இருந்தது கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு நாலாம் மாடியில். அங்கே பால் என்றால் பெட்டியில் வரும் மா. கரண்டியால் அள்ளிச் சுடுநீரில் கலக்கிக் குடிப்பது. அம்மா ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்தார். சேலையில் ஒரு மடிப்புக் கலைந்திருந்தாலும் படியில் பாதி இறங்கியவர் திரும்பி ஏறிவந்து சரிசெய்துவிட்டுத்தான் போவார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வீட்டில் ஒரு பொருளையும் தொடமாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு நாள், வெள்ளிக்கிழமை போயா விடுமுறை வருகிறது, சனி ஞாயிறையும் சேர்த்துப் பெரியம்மா வீட்டில் ஆறுதலாக இருந்துவிட்டு வருவோம் என்றார். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே நானும் அம்மாவும் மட்டும் திருகோணமலைக்குப் பஸ் ஏறினோம்.

பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவர். பத்து வயதுக்கு மேல் வித்தியாசம். சாம்பல்தீவில் பெரியப்பாவும் அவருமாக ஒரு காணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெங்காயம், கொஞ்சம் கச்சான் கடலை, வேலியோரம் முருங்கை, கோழிகள், இரண்டு ஆடுகள், பிறகு சிவப்பியும் அதன் கன்றும். பிள்ளைகள் இல்லை. அதனாலோ என்னவோ நான் போனால் அந்தக் காணியில் எனக்குத் தடை என்று எதுவும் இருக்காது. மோட்டர் போட்டதும் குழாயிலிருந்து கொட்டும் தண்ணீருக்குக் கீழே உடுப்போடு உட்காரலாம். வாய்க்காலில் மண்ணால் அணை கட்டி, பெரியப்பா வந்து ஏன் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகவில்லை என்று தலையைச் சொறியும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். காலையில் மயில்கள் வேலி தாண்டி வரும். காற்று தெற்கிலிருந்து வீசினால் துறைமுகத்தில் கப்பல் ஊதுவதுகூட மெல்லக் கேட்கும்.

நாங்கள் போய் இறங்கியபோது விடிந்துகொண்டிருந்தது. பெரியம்மா பால் கறக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அம்மா பையை உள்ளே வைக்கப் போனார். நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரியம்மாவின் பின்னால் ஓடினேன். முதலில் கன்றை அவிழ்த்துவிட்டுக் கொஞ்சம் ஊட்டவிட்டார். பிறகு அதை இழுத்துத் தாயின் முன்காலோடு கட்டினார். குந்தி உட்கார்ந்து, கன்னத்தைச் சிவப்பியின் வயிற்றில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கறந்தார். முதலில் செம்பின் அடியில் ணங் ணங் என்று கேட்டது. பிறகு பால் நிறைய நிறைய அந்தச் சத்தம் தடித்து, நுரைக்குள் அமுங்கிப்போனது. கறக்கும்போது பெரியம்மா வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டேயிருந்தார். நான் கன்றின் காதைச் சொறிகிற சாக்கில் கிட்டப் போய்க் கேட்டேன். பாட்டு இல்லை, வெறும் கதைதான். சிவப்பி அசைபோட்டுக்கொண்டு கேட்டது.

அன்று மத்தியானம் குசினியில் சண்டை தொடங்கியது. எங்கள் வீட்டுச் சண்டைகள் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும். இது அடுப்பில் முருங்கைக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, எல்லார் முன்னாலும் நடந்தது.

"திங்கட்கிழமை நீங்கள் கிளினிக்குக்குப் போறியள்," என்றார் அம்மா.

"பாப்பம்."

"பாக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. போன முறையும் பாப்பம் எண்டுதான் சொன்னனீங்கள். அதுக்கு முதல் முறையும். அத்தான் எனக்குப் போனில எல்லாம் சொன்னவர்."

பெரியம்மா பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பெரியப்பா வெங்காயத்துக்கு ஏதோ அவசரம் வந்ததுபோல எழுந்து வெளியே போனார்.

"போனால் ஆசுபத்திரியில மறிச்சு வைப்பினம். பிறகு சிவப்பியை ஆர் கறக்கிறது?" என்றார் பெரியம்மா. "உன்ர அத்தானைக் கண்டாலே அவள் கொம்பை ஆட்டுறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருக்காக் கறக்க வந்து, சிவப்பி பாலை ஒளிச்சு, மடி கல்லாப் போச்சு. அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஏலாது. கன்று புல்லுத் தின்னத் தொடங்கட்டும், போறன்."

"நான் கறக்கிறன்."

பெரியம்மா அகப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். அடக்க முடியாமல், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "சிவப்பி என்ன உன்ர ஒபிஸ் கம்பியூட்டரே?"

அம்மா சிரிக்கவில்லை. "சின்னனில என்னைக் கொட்டில் பக்கமே நீங்கள் விடேல்லை. போய்ப் படி, போய்ப் படி எண்டு கலைச்சனீங்கள். அதாலதான் எனக்குத் தெரியாது. இப்ப பழகிறன். நான் கறந்தால் போவியளோ?"

"அவள் உனக்குப் பால் தந்தால் நான் போறன்," என்றார் பெரியம்மா. தராது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கிளினிக் என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே ஊசி போடுவார்கள். என்னையும் கொண்டுபோயிருக்கிறார்கள், பொய் சொல்லித்தான் கொண்டுபோனார்கள். ஒரு வளர்ந்த பெண், அதுவும் எங்கள் பெரியம்மா, ஊசிக்குப் பயந்து ஒரு பசுவின் பின்னால் ஒளிந்துகொள்கிறார் என்பது தெரிந்ததும் எனக்கு அவர்மேல் அன்பு பலமடங்காகியது. இதுவரை வளர்ந்தவர்களில் ஒருவர்கூட எனக்கு இத்தனை நெருக்கமாக வந்ததில்லை. அந்தக் கணமே நான் கட்சி சேர்ந்துவிட்டேன்.

அன்று பின்னேரம்தான் நான் தொடக்கத்தில் சொன்ன உதை. அம்மா இஸ்திரி போட்ட சுடிதாரோடு, தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்குப் போகிறவர்போலக் கொட்டிலுக்குப் போனார். சிவப்பி அவரைத் திரும்பிப் பார்த்தது. கையை வைக்கும்வரை பொறுமையாக இருந்தது. பிறகு பின்னங்காலை ஒரு வீசு வீசியது. செம்பு ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். சாணத்தில் கை ஊன்றி எழுந்த அம்மா அந்தக் கையை ஒரு கணம் பார்த்தார். சவர்க்காரம் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கையைச் சுடிதாரிலேயே துடைத்தார். செம்பை எடுத்து, திரும்பவும் குந்தினார். சிவப்பி திரும்பவும் உதைத்தது.

"போதுமடி, விடு," என்று பெரியம்மா உட்கார்ந்து கை வைத்தார். அவ்வளவுதான், குழாயைத் திறந்ததுபோலப் பால் வந்தது. நான் மகிழ்ச்சியில் கன்றைக் கட்டிப்பிடித்தேன்.

தோற்றவர்கள் போய்ப் படுத்துவிடுவார்கள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அம்மா ஒரு பொலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பி, மூலையில் ஊசியால் துளையிட்டு, அதை முற்றத்து முருங்கைக் கொப்பில் தொங்கவிட்டார். அதன் முன்னால் குந்தியிருந்து கறந்து பழகினார். மேலிருந்து கீழே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கவேண்டும், இழுக்கக்கூடாது என்று பெரியப்பா வேலிப் பக்கமாக நின்று சொல்லிக்கொடுத்தார். பெரியம்மா அந்தப் பக்கம் வந்தால் அவர் வானத்தைப் பார்த்து மழை வருமோ என்று கேட்பார். பை கிழிந்தால் அம்மா இன்னொரு பை கட்டினார். ஒரு கோழி வந்து கீழே தேங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனது.

சனிக்கிழமை காலை அம்மா பெரியம்மாவின் பழைய வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெரியம்மா தலைக்கு வைக்கும் அதே எண்ணெயை வைத்துக்கொண்டு வந்தார். சிவப்பி மோந்து பார்த்தது. உதைக்கவில்லை. ஆனால் ஒரு சொட்டுப் பாலும் விடவில்லை. மடி நிறைந்து கிடந்தது. அம்மா கறந்து கறந்து பார்த்தார். செம்பு காய்ந்தே இருந்தது. கன்றைத் திரும்ப ஊட்டவிட்டார், தவிடு வைத்தார், புண்ணாக்கு வைத்தார். சிவப்பி எல்லாவற்றையும் தின்றது. பாலை மட்டும் வைத்துக்கொண்டது. சனிக்கிழமை பின்னேரமும் அதே கதை. ஒவ்வொரு முறையும் கடைசியில் பெரியம்மா வந்து கறந்து முடித்தார். முடித்துவிட்டுக் குசினிக்குப் போனார். முதல் நாள் சிரித்ததுபோல அவர் இப்போது சிரிக்கவில்லை.

அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அம்மாவால் சோற்றைப் பிசைய முடியவில்லை. விரல்கள் வீங்கி மடங்க மறுத்தன. கரண்டியைப் பிடித்துப் பார்த்தார், அது நழுவி விழுந்தது. பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, அம்மாவின் சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் எடுத்து, சோற்றைக் குழைத்து உருட்டி அம்மாவின் வாயில் வைத்தார். என் அம்மாவுக்கு இன்னொருவர் தீத்துவதை நான் அதுவரை கண்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

"சின்னனிலயும் இப்பிடித்தான். பிடிச்சால் விடமாட்டாய்," என்றார் பெரியம்மா. "ஏனடி இந்தப் பாடு? ஆறுதலா இருக்கத்தானே வந்தனி?"

அம்மா வாயிலிருந்ததை விழுங்கினார். "காலமை திரும்பக் கறப்பன்."

"தராட்டி?"

"பின்னேரமும் கறப்பன். நாளையிண்டைக்கும் கறப்பன். ஒபிஸ் மனேஜருக்குப் போன் பண்ணி லீவு சொல்லிப்போட்டன்."

பெரியம்மா அடுத்த உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதை என் வாயில் வைத்தார்.

சாப்பிட்டபின் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கால் கை கழுவி, முகத்தில் தண்ணீர் அடித்து, துவாயால் தலையைத் துவட்டினார். விரல் நொந்ததால் உள்ளங்கையால்தான் துவட்டினார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. வெல்கிறவர்களுக்கு வருகிற இரக்கம். ஆகவே, அவர் ஏன் வெல்லமுடியாது என்பதை எடுத்துச் சொன்னேன்.

"உங்களுக்குத் தராது, அம்மா. பெரியம்மா கறக்கேக்க அதோட கதைக்கிறவ. அந்தக் கதை உங்களுக்குத் தெரியாதே."

"என்ன கதை?"

"ஒரே கதைதான். 'எனக்கு ஒண்டும் இல்லையடி. எனக்கு ஒண்டும் வராது. நான் எங்க போகப்போறன், உன்னை விட்டிட்டு எங்க போகப்போறன்' எண்டு. திரும்பத் திரும்பச் சொல்லுவா. பிறகுதான் பால் வரும்."

துவட்டிய கை நின்றது. துவாய் என் தலையை மூடிக் கிடந்தது. அதற்குள்ளிருந்து எனக்கு அம்மாவின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. சாணமும் மண்ணும் காய்ந்த கால்கள். அவை அசையவில்லை. எனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொன்ன பிறகுதான் அம்மா துவாயை எடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிறு விடிந்தபோது நானே எழும்பிக் கொட்டிலுக்குப் போனேன். கடைசிச் சண்டையைத் தவறவிட எனக்கு மனமில்லை. அம்மா கன்றை ஊட்டவிட்டுக் கட்டினார். அந்தப் பழைய சட்டையோடு குந்தினார். செம்பைத் தொடைகளுக்கு இடையில் இடுக்கினார். உடனே கறக்கத் தொடங்கவில்லை. கன்னத்தைச் சிவப்பியின் வயிற்றில் சாய்த்துக்கொண்டு அப்படியே இருந்தார். எவ்வளவு நேரம் இருந்தாரோ தெரியாது. வேலியில் இருந்த காகம் எழுந்து போய்விட்டுத் திரும்பியும் வந்தது. பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

"அக்காவுக்கு ஒண்டும் இல்லையடி. ஒண்டும் வராது. போயிட்டு வந்திடுவா. அதுவரைக்கும் நான் இருக்கிறன். நான் எங்கயும் போகமாட்டன்."

நான் திடுக்கிட்டேன். சொற்களை மாற்றிச் சொல்கிறாரே, பிழைக்கப்போகிறது என்று நினைத்தேன். அம்மா அதையே திரும்பவும் சொன்னார். விரல்கள் மெல்ல மடங்கின. ஒன்றுமில்லை. திரும்பவும் சொன்னார். பிறகு செம்பின் அடியில் ணங் என்று ஒரு சத்தம்.

சிவப்பிக்கு அம்மாவின் மணமும் கையும் பழகிவிட்டன, வேறொன்றுமில்லை என்று பெரியப்பா இன்றைக்கும் சொல்வார். இருக்கலாம். மாடுகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பால் வந்தது என்பது மட்டும் தெரியும். முதலில் விட்டு விட்டு, பிறகு கம்பிபோல. அம்மா நிறுத்தவேயில்லை, விரல் நோவில் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியக் கறந்தார்.

அப்போதுதான் பின்னால் பார்த்தேன். பெரியம்மா கொட்டில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போது வந்தாரோ, எவ்வளவு கேட்டாரோ. கோபிக்கப்போகிறார், என் பசுவை ஏமாற்றிவிட்டாய் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் வேலிப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வந்து அம்மாவின் தோளுக்கு மேலாகக் குனிந்து மடியைத் தொட்டுப் பார்த்தார்.

"முன் காம்புகளில மிச்சம் விடாதை. ஒட்டக் கற," என்றார். "பின் காம்புகளில கன்றுக்குக் கொஞ்சம் வை. தண்ணி காட்டேக்க உப்புப் போடு. வெயில் ஏற முதல் நிழலுக்கு மாத்து."

அது என்னவோ மாட்டுப் பராமரிப்பு என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கட்சித் தலைவர் சரணடைந்துவிட்டார் என்பது பிற்பாடு, அலுமாரியிலிருந்து அவர் சேலைகளை எடுத்து மடித்து வைப்பதைக் கண்டபோதுதான் புரிந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஊசிக்கு எதிராக இன்னும் கொஞ்சம் நின்றுபிடித்திருக்கலாம்.

பெரியம்மாவின் மார்பில் ஒரு கட்டி இருந்தது என்பதை நான் அறிந்தபோது எனக்குச் சேலை கட்டும் வயது வந்துவிட்டது. மாசக்கணக்காக அவர் அதை ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தார்; பெரியப்பாவுக்குத் தெரிந்ததே தற்செயலாகத்தான். அந்தத் திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போனவரை மறித்து வைத்து, பிறகு கொழும்புக்கு அனுப்பி, சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு அவர் எங்கள் நாலாம் மாடியில் வெகுகாலம் இருந்தார், தலைமுடி இல்லாமல், பால்மா தேத்தண்ணியைக் குறை சொல்லிக்கொண்டு. அதற்குள் சிவப்பி பெரியப்பாவுக்கும் பால் தரப் பழகியிருந்தது. பெரியம்மா பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று டொக்டர் சொன்னதாக அம்மா சொல்வார். அதற்கு மேல் அம்மா அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அத்தனை நாளும் விடிகிற நேரத்தில் சிவப்பியோடு கதைத்துக்கொண்டிருந்த கதையைப் பெரியம்மா ஏன் மனிதர் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று நானும் அவரிடம் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை படலையடியில் ஓட்டோ வந்து நின்றது. பெரியம்மா நல்ல சேலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, ஒரு சின்னப் பையோடு வந்தார். கொட்டிலுக்குப் போய்ச் சிவப்பியின் நெற்றியை ஒருதரம் தடவினார். இந்த முறை அந்தக் கதையைச் சொல்லவில்லை. ஓட்டோவில் பெரியப்பா முதலில் ஏறினார். நான் ஓடிப்போய்ப் பெரியம்மாவின் காதில், எனக்குத் தெரிந்த ஒரே வைத்திய ஆலோசனையைச் சொன்னேன்.

"குத்தேக்க மற்றப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கோ. அப்ப நோகாது."

பெரியம்மா என்னைப் பார்த்தார். கேலி செய்யவில்லை. "ஓம் குஞ்சு. மற்றப் பக்கம் பாக்கிறன்," என்றார். பிறகு அம்மாவின் வீங்கிய கையை எடுத்துத் தன் கன்னத்தில் ஒருதரம் வைத்துவிட்டு, ஓட்டோவில் ஏறிக்கொண்டார்.

ஓட்டோ மணல் ஒழுங்கையில் ஆடி ஆடிப் போய், நிலாவெளி வீதியில் ஏறி, பட்டணத்துப் பக்கம் திரும்பி மறைந்தது. அம்மா படலையைச் சாத்தாமல் அங்கேயே நின்றார்.

"பின்னேரம் கறக்கிறதுக்குப் பெரியம்மா வந்திடுவாவோ?" என்று கேட்டேன்.

"வருவா," என்றார் அம்மா, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எந்தப் பின்னேரம் என்று கேட்கவேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. அன்று திங்கட்கிழமை, கொழும்பில் என் வகுப்பில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், நான் அங்கே இல்லை. வெங்காயப் பாத்திகளுக்கு அப்பால் மயில் ஒன்று தோகையை இழுத்துக்கொண்டு போனது. அம்மாவைப் படலையடியில் விட்டுவிட்டு, நான் அதைத் துரத்திக்கொண்டு ஓடினேன்.